போர்த்துவதும் மறைப்பதும்

1

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மருத்துவமனை வராந்தாவில், நான் ஒரே ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்தேன்.

அத்தைக்குக் கணையத்தில் புற்றுநோய். இரண்டாவது சுற்று கீமோவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் ஆங்கிலத்தில் நாலைந்து வாக்கியங்கள் பேசினார். அதில் முக்கியமான சொல் 'பாலியேட்டிவ்'. குடும்பத்தில் இன்ஜினியரிங் படித்தவன், அமெரிக்காக்காரர்களோடு தினமும் போனில் பேசுகிறவன் என்று என்னைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வெளியே வந்ததும் அத்தை மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், கேட்டார்:

"என்ன சொல்றார் மாப்ள?"

"இனிமே வலி தெரியாம பாத்துக்குவாங்களாம் மச்சான்."

"அப்ப மருந்து இருக்கு."

"இருக்கு."

நான் சொன்ன இரண்டுமே பொய் இல்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் திட்டம். அதற்கு மருந்தும் இருந்தது. ஆனால் மச்சான் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவர் நகைகளை அடகு வைத்து, வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் மூன்றாவது சுற்று கீமோவுக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். அத்தையின் கடைசி ஐந்து வாரங்களில் மூன்று வாரம் ஒரு லாட்ஜ் அறையில் கழிந்தது.

ஒரு சொல்லை நான் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரமும் அத்தை தன் வீட்டுத் திண்ணையில் இருந்திருப்பார். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

2

இத்தனைக்கும் பாலியேட் எனக்குத் தெரியாத சொல் இல்லை. என் தலைமுறை இன்ஜினியர்களுக்கு அது நன்றாகவே தெரியும். மூன்றாம் வருடம், ஹாஸ்டல் ரூம், பாரன்ஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ், ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. ஜி.ஆர்.ஈ. எழுதாதவனும் அந்த வேர்ட் லிஸ்ட்டைப் படித்திருப்பான். அலீவியேட், மிட்டிகேட், அஸ்வேஜ், அலே, மாலிஃபை, பாலியேட். ஆறுக்கும் ஆறு அட்டை எதற்கு என்று என் ரூம்மேட் ஒரே அட்டையில் எழுதி, பின்பக்கம் 'குறை' என்று போட்டிருந்தான். நானும் அதையே படித்தேன்.

பரீட்சையும் அதைத்தான் ஊக்குவித்தது. 2011ல் ஜி.ஆர்.ஈ.யை மாற்றியபோது ஒரு புதுக் கேள்வி வகையைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடம், ஆறு சொற்கள். வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலீவியேட் ஒன்று, மிட்டிகேட் ஒன்று, டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்வி. எங்களுக்கு அது மேட்ச் த ஃபாலோயிங் மாதிரி. சொற்கள் ஒன்றுக்கொன்று எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்கத்தான் பழகினோம். எங்கே பிரிகின்றன என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

இது பரீட்சையோடு பிறந்த பழக்கமும் இல்லை. ஒரு பொருள் தரும் சொற்களைக் கூட்டம் கூட்டமாக அடுக்கிய தெசாரஸை 1852ல் வெளியிட்டவர் பீட்டர் மார்க் ரோஜெட். அவர் தொழில்முறை மருத்துவர். அந்த அடுக்கு எழுதுகிறவனுக்கு உதவும், மறுக்கவில்லை. தேடுகிற சொல் நாக்கு நுனியில் நின்று வராதபோது போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒரே பத்தியில் இருப்பதாலேயே அவை ஒரே வேலையைச் செய்கின்றன என்று நம்பிவிட்டால் அபாயம். மருந்துக்கடைக்காரர் எல்லா வெள்ளை மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பது மாதிரி அது.

3

அந்த அட்டையை இப்போது பிரித்துப் பார்க்கிறேன்.

அலீவியேட்டின் வேர் லத்தீனில் 'கனமில்லாத' என்று பொருள்படும் சொல். எடையைக் குறைப்பது. வலியை, பசியை, நெரிசலை அலீவியேட் செய்யலாம். ஆனால் நோயாளியை அலீவியேட் செய்ய முடியாது; இன்றைய ஆங்கிலத்தில் அது பிழை. அதாவது இந்த வினைச்சொல் சுமையைத்தான் பார்க்கும். சுமக்கிற ஆளை அது பார்ப்பதே இல்லை.

ரிலீவ் அதே வேரிலிருந்து வந்தது, ஆனால் குணம் வேறு. அது வலியையும் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ளும், ஆளையும் எடுத்துக்கொள்ளும். இந்த இரட்டைத்தன்மைதான் அதன் பலமும் வில்லங்கமும். அதற்குத் தனியாக வருகிறேன்.

அஸ்வேஜின் வேரில் இனிமை இருக்கிறது. கசப்பில் தேன் கலப்பது மாதிரி. துக்கத்தையும் பசியையும் அஸ்வேஜ் செய்வார்கள். ஆனால் இன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளில் அது அதிகம் தென்படுவது குற்றவுணர்வோடு. கொடுக்கிறவன் தன் மனதை ஆற்றிக்கொள்ள ஏதோ ஒன்றைக் கொடுக்கிறான். நம் பேகன் கதை ஞாபகம் வருகிறது. மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்றுதான் பரணர் புகழ்கிறார். புகழ்ச்சி சரிதான். அந்தப் போர்வையால் ஆறுதல் அடைந்தது யார் என்று கேட்டால் மயில் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அலே பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். 'கீழே வை' என்பதுதான் அடிப்படை. பிற்பாடு அலீவியேட்டின் பிரெஞ்சு உறவினரோடு குழம்பி, அதன் சாயலையும் வாங்கிக்கொண்டது. பயம், சந்தேகம், பதற்றம் இவற்றோடுதான் வரும். முதுகுவலியை யாரும் அலே செய்வதில்லை. வெளியே எதுவும் மாறாமலேயே அலே செய்துவிடலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அணை உடையுமா என்று ஜனங்கள் பயந்தால், அணையைச் சரிசெய்வதைவிடப் பயத்தைச் சரிசெய்வது செலவு குறைவு.

ஈஸ் எளிமையான சொல், எதனோடும் சேரும். அதை ஓர் ஆளின் மேல் போட்டு, பின்னால் 'அவுட்' சேர்த்தால் ஒரு மனிதரைச் சத்தமில்லாமல் பதவியிலிருந்து வெளியே தள்ளுவது என்று அர்த்தம். கம்ஃபர்ட் இன்னொரு வேடிக்கை. அதன் வேரில் இருப்பது பலம். துவண்டவனுக்கு வலுவூட்டுவதாக இருந்த சொல், இன்று சோபா விளம்பரத்தில் சாய்ந்து கிடக்கிறது.

இவை எதுவுமே 'சுமை போய்விட்டது' என்று சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். ரிலீவ் ஒன்றுதான் சில இடங்களில் அவ்வளவு தூரம் போகும். மற்றவை எல்லாம் குறைப்பதோடு நின்றுவிடுகின்றன. மீதம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற சொற்கள் அவை. நேர்மையான சொற்கள் என்றே சொல்வேன். பொய் நுழைவது நாம் அவற்றைப் பயன்படுத்தும்போதுதான்.

4

இப்போது ரிலீவ்.

காவல்காரன் ஒருவன் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறான். விடிகாலையில் இன்னொருவன் வந்து அவனை ரிலீவ் செய்கிறான். இங்கே காவல் என்கிற சுமை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. தோள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ரிலீவ் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் 'இப்போது யார் தூக்குகிறார்கள்?' என்று கேட்டுவிட வேண்டும்.

இங்கிலாந்தில் ஏழைகளுக்குத் தரும் உதவிக்கே 'ரிலீஃப்' என்று பெயர். 1601ல் எலிசபெத் காலத்து ஏழைகள் சட்டம் அதை அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின் பொறுப்பாக்கியது. 1834ல் திருத்தினார்கள். உதவி பெறுகிறவனின் நிலைமை, வேலை செய்து பிழைக்கும் ஆகக் கீழான கூலிக்காரனின் நிலைமையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது புதுக் கொள்கை. இல்லாவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவானாம். ரிலீஃப் வேண்டுமென்றால் வொர்க்ஹவுஸுக்குள் வந்து அடைபட வேண்டும்.

அதே கொள்கை கப்பலேறி மதராசுக்கும் வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் ரிலீஃப் வேலைகளுக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் கம்மி. மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதை வைத்து உடலுழைப்பு செய்கிறவன் உயிரோடு இருக்க முடியாது என்று எதிர்த்தார். பக்கிங்காம் கால்வாயின் சில பகுதிகள் அந்த ரிலீஃப் வேலைகளில் வெட்டப்பட்டவைதான். அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கிறார்கள்.

ஆவணங்களில் சொல் ஒன்றும் மாறவில்லை. ரிலீஃப், ரிலீஃப் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கஜானாவின் பாரம்தான் இறங்கியது. அதைச் சுமந்தவன் கால்வாய்க் கரையில் மண்கூடையோடு நின்றான்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பக்கத்தில் என் உதாரணம் சின்னதுதான். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரின் கூகுள் டிரைவில் ஒரு ரிலீவிங் லெட்டர் இருக்கும். இங்கிலாந்துக்காரரிடம் 'ரிலீவிங் லெட்டர்' என்று சொன்னால் விழிப்பார். அது நம் இந்திய ஆங்கிலம். வெளியே, ஒருவரைப் பொறுப்பிலிருந்து ரிலீவ் செய்தார்கள் என்றால் அநேகமாக நீக்கிவிட்டார்கள் என்றுதான் பொருள். இங்கே அது நம் சர்க்கார் ஆபீஸ் பேச்சோடு ஒத்துப்போகிறது. மாற்றலாகிப் போகும் அதிகாரி அடுத்தவரிடம் 'சார்ஜ்' கொடுத்துவிட்டு விடுவிக்கப்படுவார். தோள் மாறுகிற அந்தப் பழைய பொருள் அதில் கெடவில்லை.

கெட்டது எங்கள் தொழிலில். சில வருடங்களுக்கு முன் என் டீமில் ஒன்பது பேரில் நாலு பேருக்கு ஒரே காலையில் மெயில் வந்தது. இன்ன தேதியிலிருந்து நீங்கள் ரிலீவ் செய்யப்படுகிறீர்கள். அவர்கள் ரிலீஃப் கேட்கவே இல்லை. வீட்டுக் கடன் இருந்தது, ஒருவருக்குக் கைக்குழந்தை இருந்தது. வேலைச் சுமை என்ன ஆயிற்று? மீதி ஐந்து பேர் தலையில் ஏறியது. ரிலீவ் ஆனவர்களுக்கும் நிம்மதி இல்லை, இருந்தவர்களுக்கும் இல்லை. அன்று சாயந்திரம் கேண்டீனில் ஒருத்தர் சொன்னார்: "ரிலீவ் ஆனது பேலன்ஸ் ஷீட்டுங்க."

5

மிட்டிகேட் விஷயத்தில் மட்டும் எங்கள் தொழிலைக் கொஞ்சம் புகழ்ந்துகொள்கிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் விழுகிறது. ஆன்-கால் இன்ஜினியர் எழுந்து, போன வாரம் வேலை செய்த பழைய வெர்ஷனை ஏற்றிவிடுகிறார். சைட் ஓட ஆரம்பிக்கிறது. அப்போது டிக்கெட்டில் 'ரிசால்வ்ட்' என்று போட மாட்டோம். 'மிட்டிகேட்டட்' என்று போடுவோம். பாதிப்பு நின்றிருக்கிறது, காரணம் உள்ளேயே இருக்கிறது, காலையில் தேட வேண்டும் என்று அர்த்தம். லத்தீன் வேரில் 'மென்மை' இருக்கிறது, அதற்கும் இது பொருந்துகிறது. அடியின் கடுமையைத்தான் மென்மையாக்கினோம், அடியை நிறுத்தவில்லை.

நீதிமன்றத்திலும் அதே கறார். 1980ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை விதிக்கும் முன் குற்றத்தின் கொடுமையைக் கூட்டும் சூழ்நிலைகளோடு மிட்டிகேட்டிங் சூழ்நிலைகளையும் எடைபோட வேண்டும் என்றது. அந்தச் சூழ்நிலைகள் குற்றத்தை இல்லையென்று ஆக்குவதில்லை. தண்டனையின் கடுமையைத்தான் குறைக்கின்றன.

குழப்பம் வரும் இடங்களும் உண்டு. 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்' என்று எழுதுகிறவர்கள் அநேகமாக மிலிட்டேட் என்ற வேறு சொல்லைத் தேடியவர்கள். மிலிட்டேட்டின் வேரில் நிற்பது போர்வீரன். ஒன்றுக்கு எதிராக நிற்பது அதன் பொருள். ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான், வேலை நேர் எதிர். இந்தப் பிழைக்கு இலக்கண ஆசிரியர்கள் நிறையக் கோபப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, யாருக்கும் அதனால் பெரிய சேதம் வந்ததில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2005ல் வந்த நம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மிட்டிகேஷன் என்றால் பேரிடரின் ஆபத்தையும் பாதிப்பையும் குறைப்பது. கரையை உயர்த்துவது, வாய்க்காலைத் தூர்வாருவது. 1992ன் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் வழியில் பேசுகிறவர்களுக்கு மிட்டிகேஷன் என்றால் புகை வெளியீட்டைக் குறைப்பது. கரையை உயர்த்துவது அவர்கள் கணக்கில் அடாப்டேஷன். ஒன்று காரணத்தில் கைவைக்கிறது, மற்றது விளைவில். தமிழில் இரண்டையும் 'தணிப்பு' என்றே எழுதிவிட்டுப் போகிறோம். ஒரு திட்டத்தில் 'தணிப்புப் பணிகளுக்கு இவ்வளவு கோடி' என்று இருந்தால், அந்தப் பணம் புகைபோக்கிக்குப் போகிறதா, வெள்ள வாய்க்காலுக்குப் போகிறதா என்று அந்தச் சொல்லை வைத்துச் சொல்ல முடியாது.

6

பாலியேட்டுக்கு வருகிறேன். இவ்வளவு சுற்றியதே இதற்குத்தான்.

வேர், லத்தீனில் 'பாலியம்'. மேலே போர்த்திக்கொள்ளும் சால்வை மாதிரியான ஆடை. பாலியேட் என்றால் போர்த்துவது. ஆனால் போர்த்துவதில் இரண்டு வகை இருக்கிறதே. அழுக்கை மூடி மறைக்கவும் போர்த்தலாம், நடுங்குகிறவருக்குக் குளிராமல் இருக்கவும் போர்த்தலாம். ஆங்கிலத்தில் நூற்றாண்டுகளாக முதல் வகையும் சேர்ந்தே இருந்தது. ஒரு குற்றத்தைப் பாலியேட் செய்வது என்றால் அதைப் பூசி மெழுகுவது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் சோஷலிஸ்டுகள் சின்னச் சின்னச் சீர்திருத்தங்களை 'பாலியேட்டிவ்ஸ்' என்றே அழைத்தார்கள். அவற்றைக் கேட்டுப் போராடலாமா, அது புரட்சியைத் தள்ளிப்போடுமா என்று அவர்களுக்குள் அடிதடி. 1891ல் ஆஸ்கர் வைல்ட் சோஷலிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் வாதமும் இதையொட்டியதுதான். தர்மம் செய்து வறுமையைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது வறுமையை நீட்டிக்கத்தான் செய்யும், வறுமை சாத்தியமே இல்லாதபடி சமூகத்தைக் கட்ட வேண்டும் என்கிறார் அவர்.

வறுமையைப் பொறுத்தவரை வைல்ட் சொல்வதில் எனக்குச் சம்மதம். வறுமைக்குத் தீர்வு உண்டு. தீர்வு இருக்கும் இடத்தில் சால்வையோடு வருகிறவரைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் தீர்வு இல்லாத இடமும் இருக்கிறது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். குணமாக்க முடியாதவர்களின் வலியை, உடல்வலி மட்டுமில்லாமல் மனவலி, குடும்பக் கவலை எல்லாவற்றையும் சேர்த்து மருத்துவத்தின் வேலையாக அவர் ஆக்கினார். அங்கே கற்றுக்கொண்டு போன கனடா மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், 1970களில் மான்ட்ரியலில் அப்படி ஒரு பிரிவைத் தொடங்கியபோது பெயரில் சிக்கல் வந்தது. பிரெஞ்சு பேசும் ஊரில் 'ஹாஸ்பிஸ்' என்றால் நாதியற்றவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்ற நினைப்பு. அதனால் அவர் 'பாலியேட்டிவ் கேர்' என்று வைத்தார். பூசி மெழுகுவது என்ற வசையாகவும் புழங்கிய சொல்லைக் கையிலெடுத்து, அதன் இன்னொரு பக்கத்தைத் திருப்பி வைத்தார். என் வாசிப்பில் ஒரு சொல்லுக்குக் கிடைத்த மிக நல்ல மறுவாழ்வு அதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே, கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993ல் ராஜகோபாலும் நண்பர்களும் இதற்கென ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். 1985ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினைக் கையிலேயே தொடாமல் இருந்த காலம். அந்தச் சட்டத்தைத் தளர்த்த 2014 வரை ஆயிற்று. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பாலியேட்டிவ் சிகிச்சையும் ஒரு பகுதி. அத்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்று. நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் மச்சானுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

7

தமிழில் நமக்கு இந்த வகைச் சொற்கள் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. தணித்தல், ஆற்றுதல், தேற்றுதல், இறக்கிவைத்தல். சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் வைத்த சமூகம் நாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். தலைச்சுமைக்காரர் அடுத்தவர் உதவியில்லாமல் இறக்கிவைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போவார். போகிற தூரமும் எடையும் அப்படியேதான் இருக்கும். அந்தக் கல்லும் வேறு எதையும் சொல்லி ஏமாற்றுவதில்லை.

ஆனால் மொழிபெயர்க்கும்போது நமக்குக் கை நீண்டுவிடுகிறது. 1971ல் இந்திரா காந்தியின் கோஷம் தமிழில் 'வறுமையே வெளியேறு' ஆனது. கோஷம் அப்படித்தான் இருக்கும், சரி. பிற்பாடு வந்த திட்டங்களை ஆங்கில ஆவணங்கள் அடக்கமாக 'பாவர்ட்டி அலீவியேஷன்' என்றன. கொஞ்சம் கனம் குறைக்கிறோம் என்பதற்கு மேல் அதில் வாக்குறுதி இல்லை. தமிழில் அது 'வறுமை ஒழிப்பு' ஆகிவிட்டது. ரிலீஃப் 'நிவாரணம்' ஆனது. நிவாரணம் என்றால் விலக்குவது, போக்குவது. வெள்ளத்தில் வீடு போனவருக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு எதைப் போக்கினோம்? ஆங்கிலம் ஒத்துக்கொண்ட மீதத்தை நாம் மொழிபெயர்ப்பில் விழுங்கிவிடுகிறோம். கெட்ட எண்ணத்தில் இல்லை. கேட்பவர் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான். வராந்தாவில் நான் செய்ததும் அதுவேதான். மச்சானின் பயத்தை அலே செய்தேன். கொஞ்சம் யோசித்தால், என் சங்கடத்தை அஸ்வேஜ் செய்துகொண்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மச்சானிடம் இதைப் பேசினேன். கடைசி வளையலை அப்போதுதான் மீட்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த டாக்டர் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் நான் அன்றைக்குச் சொன்னது இல்லை என்றேன். "இனிமே குணமாக்க முடியாது, வலிக்காம, தனியா விடாம, போர்த்திப் பாத்துக்கலாம்னு அர்த்தம் மச்சான்."

அவர் ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்த்திப் பாத்துக்க எனக்கு வராதா மாப்ள?" என்றார். "அம்மா லாட்ஜுல ஏசி குளிருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."